மெலடிக், அட்மாஸ்பியரிக் எக்ஸ்ட்ரீம் மெட்டல் ஆல்பங்கள்: கேட்கவும் வாங்கவும் தொடங்குவோருக்கு

எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற, கனத்த கிட்டாரும் கரகரத்த குரலும் கொண்ட இந்த ராக் இசைக்குள் நுழைய எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால் மூன்று மாதங்கள் போதுமானதாக இருந்திருக்கும். கைப்பேசியில் பாடல்களைக் கலைத்துப் போட்டுப் பேருந்து இரைச்சலுக்கு நடுவே கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, கேட்டுப் பழகாத ஆல்பங்களை அட்டைப்படத்தின் அழகுக்காக வாங்கினேன். அவற்றில் பாதியை விற்றுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பார்சல் ஒன்று ஒரேயொரு தாள் இல்லாததால் சுங்கத்தில் மூன்று வாரங்கள் கிடந்தது. இதே வழியில் நீங்களும் பணத்தையும் ஆர்வத்தையும் இழக்க வேண்டாம் என்பதற்காக, நான் இன்று புதிதாகத் தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். இந்த இசையின் வரலாற்றை வேறு இடங்களில் தாராளமாகப் படிக்கலாம். அதை இங்கே தொடப்போவதில்லை.

1. உங்களுக்கு ஏற்ற கிளையைக் கண்டறியுங்கள்

எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற பெயரின் கீழ் டெத் மெட்டல், பிளாக் மெட்டல், டூம் மெட்டல் என்று பல வகைகள் வருகின்றன. புதியவருக்கு அந்தப் பெயர்களைவிட, ஓர் ஆல்பத்தில் எது முன்னால் நிற்கிறது என்ற கேள்வியே பயன்படும்.

மெலடி முன்னால் நிற்கும் ஆல்பங்களில் இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரு மெட்டைப் பின்னும். குரல் எவ்வளவு கரகரத்தாலும் அந்தக் கிட்டார் மெட்டை நீங்கள் முணுமுணுக்க முடியும். பாடல்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துக் குழுக்களான ஆட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் டிராங்குவிலிட்டி ஆகிய மூன்றும் இந்தக் கிளைக்கு அடையாளம்.

சூழல் (அட்மாஸ்பியர்) முன்னால் நிற்கும் ஆல்பங்களில் ஒரே ரிஃப், அதாவது ஒரு சிறு கிட்டார் மெட்டு, பல நிமிடங்கள் சுழன்றுகொண்டிருக்கும். அதன் மேல் கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், காற்று, மழை போன்ற ஓசைகள் மெல்ல மெல்லச் சேரும். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாடல்கள் இங்கே சாதாரணம். அமெரிக்காவின் அகலாக், உல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம், பிரான்சின் அல்செஸ்ட் ஆகிய குழுக்களை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இரண்டையும் கலந்து செய்யும் குழுக்களும் உண்டு; சுவீடனின் ஓபெத் அவற்றில் முதன்மையானது. நீங்கள் வழக்கமாக ஒரு பாட்டின் மெட்டைத்தான் நினைவில் வைத்திருப்பவர் என்றால் முதல் கிளையிலிருந்தும், பாட்டு முடிந்த பின்னும் அதன் மனநிலையிலேயே இருப்பவர் என்றால் இரண்டாம் கிளையிலிருந்தும் தொடங்குங்கள். இதைத் தீர்மானிக்க ஒரு மாலை போதும். உட்பிரிவுகளின் பெயர்ப்பட்டியலைப் படிப்பதில் ஒரு வாரத்தைக் கரைக்க வேண்டாம்.

2. குரலுக்குப் பழக நான்கு வாரம் ஒதுக்குங்கள்

புதியவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போகும் இடம் இதுதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். டெத் மெட்டலின் குரோல் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த உறுமல். பிளாக் மெட்டலின் அலறல் அதைவிட உயர்ந்த சுருதியில், தொண்டையைக் கீறிக்கொண்டு வருவது. முதல் முறை கேட்கும்போது இரண்டும் வெறும் கோபமாகத்தான் காதில் விழும். அதில் துக்கத்தையும் ஏக்கத்தையும் பிரித்தறியக் காதுக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்.

இங்கே பலர் ஓபெத் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆல்பமான டாம்னேஷனைச் சிபாரிசு செய்வார்கள். அழகான ஆல்பம்தான். ஆனால் அதில் குரோல் அறவே இல்லை. அதைப் பத்து முறை கேட்டாலும் உங்கள் காது இந்தக் குரலுக்குத் தயாராகாது. அடுத்த ஆல்பத்தில் முதல் உறுமல் வந்ததும் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். நான் அப்படித்தான் நின்றேன்.

அதற்குப் பதிலாக அதே குழு 1999இல் வெளியிட்ட ஸ்டில் லைஃப் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பாடல்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒருவன் தன் காதலியைத் தேடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வரும் கதை அது. முதல் வாரத்தில் ஃபேஸ் ஆஃப் மெலிண்டா என்ற பாடலை மட்டும் தினம் ஒரு முறை கேளுங்கள். எட்டு நிமிடப் பாட்டு. டிரம்ஸ் மிருதுவாகத் தொடங்குகிறது, பேஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு போகிறது, குரல் காதோடு பேசுவதுபோல் இருக்கிறது. பாதிக்கு மேல் சென்ற பிறகு கனத்த கிட்டார்கள் உள்ளே வந்து நிறைகின்றன; ஆனால் குரல் அப்போதும் உறுமாமல் பாடிக்கொண்டேயிருக்கிறது. கிட்டாரின் கனம் இந்த இசையில் சோகத்தைத் தாங்கிப் பிடிக்க வருகிறது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

இரண்டாம் வாரத்தில் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கேளுங்கள். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் குரல் உறுமலாக மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் வாரத்தில் வரிகள் இல்லாமல் கேளுங்கள். நான்காம் வாரத்தில் உங்கள் கிளைக்குரிய ஆல்பத்துக்குப் போகலாம். தினம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காது சோர்ந்த பிறகு கேட்பது வெறுப்பைத்தான் வளர்க்கும்.

3. முதல் ஆல்பங்களை இந்த வரிசையில் கேளுங்கள்

மெலடியின் பக்கம் போகிறவர்கள் ஆட் த கேட்ஸ் 1995இல் வெளியிட்ட ஸ்லாட்டர் ஆஃப் த சோல் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். மொத்தமே 34 நிமிடங்கள்தான் என்பதால் ஒரே அமர்வில் இரண்டு முறை கேட்டுவிடலாம். அதன் பிறகு இன் ஃபிளேம்ஸின் த ஜெஸ்டர் ரேஸ் (1996), அடுத்து டார்க் டிராங்குவிலிட்டியின் த கேலரி (1995). மூன்றாவது மிக அடர்த்தியானது. கிட்டார்கள் ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்கும். அதை முதலில் கேட்டுக் குழம்பியவர்களில் நானும் ஒருவன். கதை சொல்லும் ஆல்பம் பிடிக்குமென்றால் பின்லாந்தின் அமார்ஃபிஸ் 1994இல் வெளியிட்ட டேல்ஸ் ஃப்ரம் த தவுசண்ட் லேக்ஸை இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் வரிகள் பின்லாந்தின் காவியமான கலேவலாவிலிருந்து எடுத்தவை.

சூழலின் பக்கம் போகிறவர்களுக்கு அகலாக்கின் த மேன்டில் (2002) நல்ல வாசல். 68 நிமிடங்கள் என்றாலும் அக்கூஸ்டிக் கிட்டாரும் மென்மையான குரலும் அடிக்கடி வந்து மூச்சுவிட இடம் தருகின்றன. அடுத்து நார்வேயின் உல்வர் 1995இல் வெளியிட்ட பெர்க்டாட்: ஐந்தே பாடல்கள், சுமார் 35 நிமிடங்கள். மலைக்குள் இழுத்துச் செல்லப்படும் பெண்ணின் கதை. நாட்டுப்புறப் பாடல்போன்ற தெளிந்த குரலும் அலறலும் மாறி மாறி வரும். அதன்பின் உல்வ்ஸ் இன் த த்ரோன் ரூமின் டூ ஹன்டர்ஸ் (2007): நான்கு பாடல்கள், 46 நிமிடங்கள். டெஃப்ஹெவனின் சன்பேதர் (2013) இளஞ்சிவப்பு அட்டையால் பலரையும் முதலில் ஈர்ப்பது. ஆனால் அதில் குரல் பெரும்பாலும் ஒரே உயரத்தில் அலறிக்கொண்டேயிருப்பதால் நான்காவதாகக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

ஒவ்வோர் ஆல்பத்துக்கும் குறைந்தது பத்து நாட்கள் கொடுங்கள். மூன்று முழுக் கேட்பு முடியாமல் பிடிக்கவில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம், பிடித்துவிட்டது என்று வாங்கவும் வேண்டாம்.

முழு ஆல்பமும் ஒரே பாடலாக அமைந்தவற்றை இந்தச் சுற்று முடிந்த பிறகே தொடுங்கள். எட்ஜ் ஆஃப் சேனிட்டியின் கிரிம்சன் (1996), இன்சோம்னியத்தின் வின்டர்ஸ் கேட் (2016) இரண்டும் நாற்பது நிமிடம் நீளும் ஒற்றைப் பாடல்கள். பெல் விட்சின் மிரர் ரீப்பர் (2017) 83 நிமிடங்கள். இவற்றில் இன்சோம்னியமே எளிது, ஏனென்றால் அது குழுவின் பாடகர் எழுதிய ஒரு சிறுகதையைத் தழுவிச் செல்கிறது; கதை தெரிந்தால் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியும்.

4. கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

புதிய கருவி வாங்கும் முன், இருப்பதன் அமைப்புகளை மாற்றுங்கள். கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியை அணையுங்கள். இரண்டு பாடல்களுக்கு இடையே அமைதி விழாமல் ஒட்டிப் பாடவைக்கும் கேப்லெஸ் வசதியை இயக்குங்கள். ஒற்றைப் பாடலாக எழுதப்பட்ட ஆல்பம் சில ஸ்ட்ரீமிங் சேவைகளில் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்போது, இந்த வசதி இல்லையென்றால் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு வெட்டு விழும். பேஸ் ஒலியைக் கூட்டும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இரண்டு கால்களாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம்ஸ் ஏற்கெனவே ஒலியின் கீழ்ச்சுருதிப் பகுதியை நிரப்பியிருப்பதால், அதைக் கூட்டினால் கிட்டார் மெட்டு அமுங்கிவிடும்.

ஒலி அளவைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்த இசையில் அமைதியும் பேரோசையும் அடுத்தடுத்து வருவதால், மென்மையான பகுதியில் ஒலியைக் கூட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே. கனத்த பகுதி ஒலிக்கும்போது அளவை வைத்துக்கொண்டு, மென்மையான பகுதியில் அதைத் தொடாமல் இருங்கள்.

5. பாடல் வரிகளும் கையேடும்

ஆல்பத்தோடு வரும் கையேட்டை இந்த இசையின் ஆவணமாகவே நான் கருதுகிறேன். குரோலில் பாடப்படும் சொற்களைக் காதால் மட்டும் பிடிப்பது, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே கடினம். பெர்க்டாட் போன்ற ஆல்பத்தில் வரிகள் பழைய டேனிஷ் கலந்த நார்வேஜிய நடையில் இருக்கும். அங்கே கதைச் சுருக்கமாவது கையில் இல்லாவிட்டால் பாதி ஆல்பம் நழுவிவிடும்.

கையேட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று பாடல் வரிகள். அடுத்தது, யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்ற பட்டியல். த மேன்டிலில் ஒரு பாடலின் தாள ஓசைக்கு மானின் மண்டையோட்டைத் தட்டியிருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலைப் படித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாடலை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. மூன்றாவது, எங்கே யார் பதிவு செய்தார்கள் என்ற குறிப்பு. ஒரு ஸ்டூடியோவின் ஒலி பிடித்துப்போனால் அடுத்த ஆல்பத்தைத் தேட அதுவே வழிகாட்டும்: ஸ்லாட்டர் ஆஃப் த சோலும் த கேலரியும் ஸ்டூடியோ ஃப்ரெட்மனில் பதிவானவை, ஓபெத்தின் முதல் இரண்டு ஆல்பங்கள் கிரிம்சனை எழுதிய டான் ஸ்வானோவின் யூனிசவுண்டில் பதிவானவை.

6. குழுவின் பின்னணியை விசாரியுங்கள்

பணம் கொடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். பிளாக் மெட்டலில் நாஜிக் கொள்கையை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ பரப்பும் குழுக்கள் இருக்கின்றன. இயற்கை, முன்னோர், தாய்மண் என்று அட்மாஸ்பியரிக் ஆல்பங்கள் பாடும் அதே சொற்களை அவர்களும் பயன்படுத்துவதால் அட்டையைப் பார்த்து வேறுபாடு சொல்ல இயலாது. 1990களின் நார்வே, சுவீடன் இசைக்கலைஞர்களில் சிலர் கொலை, தேவாலய எரிப்பு வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் குழுவின் பாடுபொருள் என்ற பகுதியையும், வெளியிட்ட நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளையும், கலைஞர்களின் நேர்காணல்களையும் அரை மணி நேரம் படித்தால் போதும். யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுங்கள்.

7. எந்தப் பதிப்பு, எந்த வடிவம்

ஒரே ஆல்பம் ஐந்தாறு பதிப்புகளாகக் கிடைக்கும்: முதல் வெளியீடு, மறுவெளியீடு, ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியை மீண்டும் சீரமைத்தது), கூடுதல் பாடல்கள் சேர்த்தது, வண்ண இசைத்தட்டு. ரீமாஸ்டர் என்றாலே மேம்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பல ரீமாஸ்டர்களில் ஒட்டுமொத்த ஒலி அளவைத் தூக்கிவிடுவதால், மென்மைக்கும் கனத்துக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கிவிடுகிறது. சூழலை நம்பி நிற்கும் ஆல்பத்துக்கு அது பெரிய இழப்பு. இரண்டு பதிப்புகளிலும் ஒரே பாடலில் அமைதியிலிருந்து கனத்துக்கு மாறும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். அந்த மாற்றத்தில் உடல் சற்று அதிர்ந்தால் அந்தப் பதிப்பை வாங்கலாம். ஆல்பத்தின் முடிவில் ஒட்டப்பட்ட கூடுதல் பாடல்கள் அது முடிய வேண்டிய அமைதியைக் கெடுப்பதும் உண்டு.

வடிவங்களில் மிகக் குறைந்த செலவு டிஜிட்டல் தரவிறக்கம். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு, ஃபிளாக் கோப்பாக வாங்கலாம். தபால் செலவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒரு மணி நேர ஆல்பம் சிடி தரத்தில் சுருக்கப்படாமல் 600 எம்.பி. அளவுக்கு வரும், தரம் குறையாமலே ஃபிளாக் அதைக் கணிசமாகச் சுருக்கிவிடும். முதல் ஆண்டு முழுவதும் இதிலேயே இருங்கள் என்பதுதான் என் உறுதியான அறிவுரை.

சிடியில் கையேடும் கிடைக்கும், எடையும் குறைவு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 80 நிமிடங்கள் என்பதால் மிரர் ரீப்பர் போன்ற சில ஆல்பங்களைத் தவிர மற்றவை வெட்டுப்படாமல் ஒரே தகட்டில் அடங்கும்.

இசைத்தட்டின் அழகை நான் மறுக்கவில்லை; அந்தப் பெரிய அட்டையில் ஓர் ஓவியத்தைப் பார்ப்பது தனி இன்பம். ஆனால் ஒரு பக்கத்தில் நல்ல தரத்தோடு ஏறத்தாழ 22 நிமிடங்கள்தான் கொள்ளும். 67 நிமிடம் ஓடும் ஓபெத்தின் பிளாக்வாட்டர் பார்க் ஆல்பத்துக்கு இரண்டு தட்டுகள் வேண்டும்; விலையும் எடையும் அதற்கேற்ப உயரும். நாற்பது நிமிட ஒற்றைப் பாடல் நடுவே வெட்டப்படும். பாடல் ஏறிக்கொண்டிருக்கும்போது இசை தேய்ந்து நின்றுவிட, எழுந்துபோய்த் தட்டைத் திருப்பி, ஊசியை வைத்து, அந்தச் சிறு உரசல் ஓசை முடியும்வரை காத்திருந்து மறுபடி உள்ளே நுழைய வேண்டும். முதல் முறை அப்படிச் செய்தபோது நான் கட்டியிருந்த மனநிலை முழுவதும் கலைந்துபோனது. ஒற்றைப் பாடல் ஆல்பங்களைச் சிடியாகவோ டிஜிட்டலாகவோ வாங்குங்கள்.

8. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பழைய பதிப்பு வாங்குவதாக இருந்தால் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்பின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு விவரங்களை ஒப்பிடுங்கள்: வெளியான நாடு, நிறுவனத்தின் பட்டியல் எண், பார்கோடு, மேட்ரிக்ஸ் எண். கடைசியாகச் சொன்னது சிடியின் உள்வளையத்திலும் இசைத்தட்டின் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தின் ஒளிப்படத்தைக் கேளுங்கள். தரத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை உயர்ந்த பதிப்பை வாங்காதீர்கள்.

1990களின் முற்பகுதி ஆல்பங்களில் போலிப் பதிப்புகள் அதிகம். அட்டைப்படம் சற்று மங்கலாக இருப்பது, எழுத்துகளின் ஓரம் பிசிறடிப்பது, பட்டியல் எண் இல்லாதது, சிடியின் அடிப்பகுதி வெள்ளியாக இல்லாமல் நீலமோ பச்சையோ கலந்து தெரிவது ஆகியவை அடையாளங்கள். தயாரித்த ஆலையைக் காட்டச் சிடியில் பொறிக்கப்படும், ஐ.எஃப்.பி.ஐ. என்று தொடங்கும் சிறு குறியீடு 1994 முதல்தான் வழக்கத்துக்கு வந்தது. எனவே அதற்கு முன் அச்சான தகட்டில் அது இல்லாததை வைத்து மட்டும் போலி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

தட்டுக்கும் அட்டைக்கும் தரம் தனித்தனியாகக் குறிக்கப்படும். நியர் மின்ட் என்பது ஏறத்தாழப் புதியது. விஜி பிளஸ் (வெரி குட் பிளஸ்) வாங்கத் தகுந்தது. வெறும் விஜி என்றால் உரசல் ஓசை நிச்சயம் இருக்கும். வேகமான ஆல்பத்தில் அது மறைந்துவிடும், அக்கூஸ்டிக் பகுதிகள் நிறைந்த ஆல்பத்தில் ஒவ்வொரு சொடுக்கும் கேட்கும்.

9. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தல்: தாள்கள், செலவு, காலம்

இந்த ஆல்பங்களை வெளியிடும் நிறுவனங்கள் பல சிறியவை; ஒரு பதிப்பு சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுவதும் உண்டு. எனவே என்றாவது ஒருநாள் வெளிநாட்டு ஆர்டர் தவிர்க்க முடியாததாகிவிடும்.

முதலில் மொத்தச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஆல்பத்தின் விலை, தபால் கட்டணம், காப்பீடு, நாணய மாற்றுக்கு வங்கி பிடிக்கும் தொகை, சுங்கத் தீர்வை, உள்நாட்டு வரி, பார்சலைக் கையாளும் கட்டணம் ஆகிய ஏழும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. பல நாடுகளில் பொருளின் விலையோடு தபால் கட்டணத்தையும் சேர்த்து அந்தத் தொகைக்குத்தான் தீர்வை கணக்கிடுகிறார்கள். ஒரேயொரு சிடிக்குத் தபால் கட்டணம் அதன் விலையைத் தாண்டிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தபால் கட்டணம் எடைப் படிகளாக உயர்வதால், ஒரே படிக்குள் அடங்கும்வரை இரண்டாவது மூன்றாவது சிடிக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவாகவே இருக்கும். பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தகட்டையும் கையேட்டையும் மட்டும் அனுப்பச் சொன்னால் எடை பாதிக்கு மேல் குறையும். உள்ளூரில் காலிப் பெட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தாள்கள். என் இரட்டை இசைத்தட்டுப் பார்சலை அனுப்பிய விற்பனையாளர் உள்ளே விலைப்பட்டியலை வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுங்கத்திலிருந்து மதிப்புக்குச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. விற்பனையாளர் பதில் எழுத இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்டார். அதற்குள் சேமிப்புக் கட்டணமும் ஏறிவிட்டது. ஆகவே ஆர்டர் செய்த அன்றே இவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்: விற்பனையாளரின் பெயர், முகவரி, ஆல்பத்தின் பெயர், எண்ணிக்கை, விலை, தபால் கட்டணம் ஆகியவை தெளிவாக உள்ள விலைப்பட்டியல், பணம் செலுத்தியதற்கான வங்கி அல்லது கார்டு ரசீது, ஆர்டர் பக்கத்தின் படப்பிரதி, பார்சலைப் பின்தொடரும் எண், உங்கள் அடையாளச் சான்றின் நகல். அஞ்சல் வழியில் வரும் சிறு பார்சலின் மேல் சி.என். 22 என்ற சுங்கச் சீட்டும், மதிப்பு கூடும்போது சி.என். 23 என்ற விரிவான படிவமும் ஒட்டப்படும். அதில் பொருள் என்ற இடத்தில் சிடி அல்லது இசைத்தட்டு என்று தெளிவாக எழுதி, 8523 என்ற சரக்குக் குறியீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்த தட்டுகளுக்கு உலகெங்கும் அந்தத் தலைப்புதான்.

அன்பளிப்பு என்று எழுதட்டுமா, விலையைக் குறைத்துப் போடட்டுமா என்று சில விற்பனையாளர்கள் அவர்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யான அறிவிப்பு என்பதோடு, பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும்.

இசைத்தட்டு வாங்கினால் இன்னொரு வேண்டுகோளையும் ஆர்டரிலேயே எழுதுங்கள்: தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, தனி உறையில் அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைக்குள்ளேயே வந்தால் வழியில் படும் ஒவ்வொரு குலுக்கலிலும் தட்டின் விளிம்பு அட்டையின் மடிப்பை அறுத்துக்கொண்டே வரும். என் பார்சல் ஒருவழியாக வந்தபோது மேல் மடிப்பு விரலளவுக்குக் கிழிந்திருந்தது.

காலத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டுச் சாதாரணத் தபாலுக்கு மூன்று முதல் எட்டு வாரங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் இன்னும் கூடும். முன்பதிவு செய்யும் இசைத்தட்டுக்கு அறிவித்த தேதியை நம்பி வேறு எதையும் திட்டமிடாதீர்கள், அச்சிடும் ஆலைகளில் மாதக்கணக்கில் தாமதம் நேர்வது வழக்கம். முன்பதிவில் இருக்கும் ஆல்பத்தையும் கையிருப்பில் உள்ளவற்றையும் ஒரே ஆர்டரில் சேர்த்தால், பெரும்பாலான கடைகள் முன்பதிவு வெளியாகும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிடும். இரண்டையும் தனித்தனி ஆர்டராகப் போடுங்கள்.

10. பார்சல் வந்த அன்று

திறப்பதற்கு முன் வெளியுறையின் நான்கு பக்கங்களையும் ஒளிப்படம் எடுங்கள். முடிந்தால் திறப்பதைக் காணொளியாகவும் பதியுங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது அதுவே சான்று. மேட்ரிக்ஸ் எண்ணை ஆர்டரோடு ஒப்பிடுங்கள். இசைத்தட்டு குளிரிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்திருந்தால் சில மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டுவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக் கழற்றிவிடுங்கள், அது நாளடைவில் இறுகித் தட்டை வளைத்துவிடும். தட்டுகளை அடுக்கி வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

குறை இருந்தால் 48 மணி நேரத்துக்குள் விற்பனையாளருக்கு எழுதிவிடுங்கள். கார்டு வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் முறையீட்டுக்கான கெடு செலுத்திய நாளிலிருந்தோ பொருள் வந்த நாளிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கெடு எத்தனை நாள் என்பதை ஆர்டர் செய்யும் அன்றே பார்த்து, அதே கோப்பின் மேலட்டையில் எழுதி வையுங்கள். சிடியை ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பார்த்து, பிழையின்றிக் கணினியில் ஃபிளாக்காக ஏற்றிக்கொண்ட பிறகே அலமாரியில் வையுங்கள்.